முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே: நம் தெருவில் வண்டிகள் ஏன் வேகமாகப் போகின்றன?

அல்சூர், மர்ஃபி டவுன், ஜோகுபாளையம் என்று தமிழர்கள் நெருக்கமாக வாழும் பெங்களூருப் பகுதிகளில் யாராவது தெருவில் அடிபட்டால், மறுநாள் டீக்கடையில் இரண்டே விதமான பேச்சுதான் கேட்கும். “அந்தப் பாட்டி பார்த்து வந்திருக்கக் கூடாதா?” என்பது ஒன்று. “பையன் கண்ணுமண்ணு தெரியாம வந்தான்” என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் சம்பவ இடத்தில் மூன்றாவதாக ஒரு சாட்சி இருக்கிறது, அதை யாரும் விசாரிப்பதில்லை. அந்தத் தெரு. அது எவ்வளவு அகலம், மூலை எப்படி வளைகிறது, நடைபாதை எந்த இடத்தில் அறுந்துபோகிறது, மூலையில் நின்ற கார் எதை மறைத்தது என்ற விவரங்கள்தான் பையனை அந்த வேகத்துக்குத் தூண்டின, பாட்டியைத் தார்ச்சாலையில் இறக்கின.

தெருவின் உருவத்தை மாற்றி, வண்டிகள் தாமாகவே மெதுவாகப் போகும்படி செய்வதைப் பொறியாளர்கள் ‘டிராஃபிக் காமிங்’ என்கிறார்கள். வேகத் தணிப்பு என்று வைத்துக்கொள்வோம். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் பிழைத்திருக்க இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பது என் கருத்து. ஹெல்மெட், எதிரொளிக்கும் சட்டை, ‘சாலை விதிகளை மதிப்போம்’ சுவரொட்டி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் கொஞ்சம் கணக்கு

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 8.3 மீட்டர் ஓடுகிறது. 50 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 13.9 மீட்டர். ஓட்டுநர் ஒரு குழந்தையைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடியாவது ஆகும். அந்த ஒரு விநாடியும் கார் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும்.

காய்ந்த சாலை, நல்ல டயர், கவனமான ஓட்டுநர் என்று எல்லாவற்றையும் சாதகமாகவே வைத்துக் கணக்குப் போட்டால், 30ல் வரும் கார் முழுதாக நிற்கச் சுமார் 13 மீட்டர் போதும். 40க்கு 20 மீட்டர். 50க்கு 28 மீட்டர் வேண்டும்.

இப்போது 13 மீட்டர் தூரத்தில், நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு குழந்தை சாலைக்கு வருகிறது. 30ல் வந்தவர் குழந்தையை ஒட்டி நிறுத்திவிடுவார், ஒரு திட்டு திட்டிவிட்டுப் போவார். 40ல் வந்தவர் பிரேக் பிடித்திருப்பார், ஆனாலும் கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவார். 50ல் வந்தவரின் கால் இன்னும் பிரேக்கையே தொட்டிருக்காது. வேகம் துளியும் குறையாமல் மோதல் நடக்கும். மூவரும் ஒரே மாதிரி நல்லவர்கள், ஒரே மாதிரி கவனமானவர்கள்.

மோதலின் பலமும் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 30ஐ விட 50ல் வரும் வண்டிக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல். உயரத்திலிருந்து விழுவதை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும்: 30 கிலோமீட்டர் வேகம் என்பது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழும்போது இருக்கும் வேகம், அதாவது முதல் மாடி பால்கனி. 50 என்பது கிட்டத்தட்ட பத்து மீட்டர், மூன்றாம் மாடி. முதல் மாடியிலிருந்து விழுந்தவர் கையை காலை உடைத்துக்கொண்டு பிழைத்ததை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான அபாயம் சுமார் நான்கு சதவீதம் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மோட்டார் வண்டிகளோடு கலந்து போகும் இடங்களில் உச்ச வேகம் 30 ஆக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்ததற்கும் மேலே சொன்ன கணக்குதான் அடிப்படை. 30 என்பது யாரோ குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்த எண் இல்லை.

சரி, நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு 2018ல் வெளியிட்ட அறிவிப்பின்படி நகராட்சி எல்லைக்குள் காருக்கு உச்ச வரம்பு 70, இரு சக்கர வண்டிக்கு 60. மாநில அரசும் போலீஸும் இதைவிடக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். குறைக்காத தெருவில் 70 தான் மேல்வரம்பு. கோலம் போடும் வாசலுக்கு இரண்டடி தள்ளி 70.

“பெங்களூரில் வண்டி எங்கே ஓடுது?”

இதைப் பேசினாலே வரும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. ட்ரினிட்டி சர்க்கிளிலிருந்து வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகிற ஊரில் வேகத்தைக் குறைப்பதா?

இங்கே இரண்டு வேகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயணத்தின் சராசரி வேகம் வேறு, ஒரு குறிப்பிட்ட இடத்தில் வண்டி எட்டும் வேகம் வேறு. சிக்னலில் நான்கு நிமிடம் நின்று கடுப்பானவர், குடியிருப்புத் தெருவுக்குள் நுழைந்ததும் 200 மீட்டர் காலி இடம் கிடைத்தால் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறார். அவருடைய சராசரி அப்போதும் 15 தான். ஆனால் எதிரே வருகிறவர் மேல் மோதப்போவது சராசரி வேகம் இல்லையே.

அதோடு, நெரிசல் இருக்கும் நேரம் ஒருவகையில் பாதுகாப்பான நேரம். எல்லோரும் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். பயப்பட வேண்டியது காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை, அப்புறம் இரவு பத்துக்கு மேல். பால் பாக்கெட் வாங்கப் போகும் தாத்தா, பேப்பர் போடும் பையன், பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள், சைக்கிளில் கட்டட வேலைக்குப் போகிறவர் எல்லோரும் வெளியே இருக்கும் நேரமும், தெரு காலியாக இருக்கும் நேரமும் காலையில் ஒன்றாக வந்துவிடுகின்றன. தண்ணீர் லாரியும் அப்போதுதான் வரும்.

வேகத்தைக் குறைத்தால் எவ்வளவு நேரம் வீணாகும்? ஒரு குடியிருப்புத் தெரு 600 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50ல் போனால் 43 விநாடி, 30ல் போனால் 72 விநாடி. 29 விநாடி வித்தியாசம். அடுத்த சிக்னலில் அதைவிட அதிகமாக நிற்கப்போகிறார்.

தெரு எப்படி வேகத்தைச் சொல்கிறது

வண்டி ஓட்டுகிறவர் ஸ்பீடோமீட்டரைப் பார்த்து ஓட்டுவதில்லை. கண்ணுக்கு எதிரே இருக்கும் இடத்தைப் பார்த்து ஓட்டுகிறார். நீளமாக, நேராக, அகலமாக, வழுவழுப்பாக இருந்தால் கை தானாக முறுக்கும். குறுகலாக, வளைந்து, இருபுறமும் மரமும் ஆளுமாக இருந்தால் தானாகத் தளரும். பலகையில் 30 என்று எழுதிவிட்டு நெடுஞ்சாலை மாதிரித் தெருவைக் கட்டினால் ஓட்டுநர் பலகையை நம்ப மாட்டார், தெருவை நம்புவார்.

இதனால்தான் நல்ல எண்ணத்தோடு செய்யும் சில வேலைகள் எதிர்மாறான விளைவைத் தருகின்றன. குண்டும் குழியுமாக இருந்த தெருவுக்கு வைட் டாப்பிங் என்று கான்கிரீட் போடுகிறார்கள். நடைபாதையைத் தொடாமல் சாலையை மட்டும் அப்படிப் பளபளப்பாக்கினால் வேகம் ஏறத்தான் செய்யும். (குழிதான் எங்கள் தெருவின் ஸ்பீட் கன்ட்ரோல் என்று இங்கே சொல்லும் ஜோக்கில் பாதி உண்மை. மீதி உண்மை, அதே குழியில் சைக்கிள்காரரும் விழுகிறார் என்பது.) நெரிசலைக் குறைக்க ஒருவழிப் பாதை ஆக்குகிறார்கள். எதிரே யாரும் வர மாட்டார்கள் என்ற தைரியம் ஓட்டுநருக்கு வந்துவிடுகிறது. விதிப்படி பார்த்தால், கடப்பவர்கள் ஒரே பக்கம் பார்த்தால் போதும். நம் ஊரில் ஒருவழியிலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூலைகள் இன்னும் முக்கியம். ஒரு க்ராஸ் ரோடு மெயின் ரோடில் சேரும் இடத்தில் ஓரக்கல் பெரிய வட்டமாக வளைந்திருந்தால், வண்டி வேகம் குறைக்காமலே திரும்பலாம். அதே மூலையைச் சிறிய வளைவாகச் செதுக்கினால் ஓட்டுநர் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு: வளைவு பெரிதாக இருந்தால் நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் பெரிது, சிறிதாக இருந்தால் சிறிது. மூலையில் நடைபாதையைச் சாலைக்குள் கொஞ்சம் நீட்டிவிட்டால் இன்னும் நல்லது. அங்கே கார் நிறுத்த முடியாது. கடக்க நிற்பவரும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியும்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்கு ஒரு கணக்கு. மெதுவாக நடக்கும் ஒரு வயதானவர் விநாடிக்கு 0.8 மீட்டர் போவார். 9 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவருக்கு 11 விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் 50ல் வரும் வண்டி 150 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதாவது, பாட்டி பாதுகாப்பாகக் கடக்க வேண்டுமானால் 150 மீட்டருக்கு அப்பால் வரும் வண்டியையும் பார்த்து, அதன் வேகத்தையும் கணித்திருக்க வேண்டும். கண்புரை உள்ள கண்ணால், நிறுத்தியிருக்கும் டெம்போவைத் தாண்டி. மூலையை நீட்டி, கடக்கும் தூரத்தை 6 மீட்டராக்கி, வண்டியின் வேகத்தையும் 30 ஆக்கினால் அந்த 150 மீட்டர் சுமார் 60 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. “பார்த்து வந்திருக்கக் கூடாதா?” என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஹம்ப் என்னும் பெரிய விஷயம்

வேகத் தணிப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஹம்ப் எனப்படும் வேகத்தடைதான். நம் ஊரில் அதிகம் கெட்டுப்போன சமாச்சாரமும் அதுதான்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சாலைகளுக்கான தரநிலைகளை எண் போட்டு வெளியிடுகிறது. அதில் 99ஆம் எண் வேகத்தடைகளைப் பற்றியது. 1988ல் முதலில் வந்தது, 2018ல் விரிவாகத் திருத்தப்பட்டது. சாதாரண வட்ட ஹம்புக்கு அது பழைய பதிப்பிலேயே சொன்ன அளவு: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் தூக்கிப்போடாமல் தாண்டுவதற்கான அளவு இது.

இப்போது உங்கள் தெருவில் இருப்பதை நினைத்துப்பாருங்கள். பல தெருக்களில் மிஞ்சிய தாரைக் கொட்டி, ஒரு முழ அகலத்தில், கூர்மையாக, வெள்ளைக் கோடுகூட இல்லாமல் ஒரு மேடு. அதைத் தாண்ட ஆட்டோ கிட்டத்தட்ட நிற்க வேண்டும். தாண்டியதும் கோபத்தோடு வேகமெடுக்கும். கர்ப்பிணிக்கும் முதுகுவலிக்காரருக்கும் தண்டனை. இரவில் வெளிச்சமில்லாத தெருவில் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் வருகிறவர்களைத் தூக்கி எறிவதும் இந்த மேடுதான். ஆனால் சஸ்பென்ஷன் நன்றாக இருக்கும் ஒரு பெரிய காரை இது பெரிதாக உறுத்துவதில்லை. குட்டையான மேட்டை வேகமாகத் தாண்டினால் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும், உள்ளே இருப்பவர் காபியைச் சிந்தாமல் போய்விடுவார். நீளமான, சரியான ஹம்பில் வண்டியின் உடம்பே ஏறி இறங்குவதால் வேகமாகப் போனால் எல்லோருக்கும் உறைக்கும். ஆக, தவறான ஹம்ப் யாரைத் தடுக்க வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு யாரைக் காக்க வேண்டுமோ அவர்களை அடிக்கிறது.

இடைவெளியும் முக்கியம். ஒரே ஒரு ஹம்ப் என்றால் அதற்கு முன்னும் பின்னும் வேகம் பழையபடிதான். சுமார் 100 மீட்டருக்கு ஒன்று என்று வரிசையாக இருந்தால்தான் நடுவில் வேகமெடுக்க மனசு வராது. சாக்கடைக்குத் தண்ணீர் போக ஓரத்தில் விடும் இடைவெளி வழியாகப் பைக்குகள் புகுந்து போவது நம் ஊர்ச் சிறப்பு. அந்த ஓரத்தில்தான் நடப்பவர் இருப்பார். அங்கே ஒரு சிறு தூண் நட்டால் தீரும் பிரச்சினை இது.

வெளிநாட்டுக் கையேடுகளில் ‘ஸ்பீட் குஷன்’ என்று ஒன்று வரும். முழு அகலத்துக்கும் போடாமல் இடையிடையே திட்டுகளாக வைப்பது. ஆம்புலன்ஸின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே அகலம் அதிகம் என்பதால் அவை திட்டின் இருபுறமும் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தெருவில் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை இரு சக்கர வண்டிகளாக இருக்கும் ஊரில், அவை அத்தனையும் அந்த இடைவெளியில் புகுந்துவிடும். இது நமக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.

நமக்கு மிகவும் பொருந்துவது உயர்த்தப்பட்ட கடப்பு. பள்ளி வாசல், கோயில் வாசல், பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களில் ஜீப்ரா கோடு போடும் பட்டையையே நடைபாதையின் உயரத்துக்குத் தூக்கி, இருபுறமும் சாய்வு கொடுப்பது. நடப்பவர் இறங்காமலே அடுத்த பக்கம் போகிறார். வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். ஹம்பும் கடப்பும் ஒன்றாகிவிடுகின்றன. மழையில் ஜீப்ரா கோடு அழிந்தாலும் மேடு அழியாது.

நடைபாதை

நடைபாதையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, எல்லோரும் தினமும் அனுபவிப்பதுதான். பெங்களூரின் நடைபாதை பெரும்பாலும் மழைநீர்க் கால்வாயின் மேல் போட்ட கற்பலகை. ஒரு பலகை ஆடும், ஒன்று காணாமல் போயிருக்கும். நடுவே டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் ஒரு சறுக்கு மேடு. பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டியிருப்பதால் ஜனங்கள் சாலையிலேயே நடக்கிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 103ஆம் எண் வழிகாட்டி குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத இடமும், 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரமும் கேட்கிறது. உயரம் ஏன் முக்கியம் என்றால், ஒன்றரை அடி உயர நடைபாதையில் மூட்டுவலிக்காரர் ஏறவே மாட்டார்.

செய்ய முடியும் என்பதற்கு இதே ஊரில் சாட்சி இருக்கிறது. டெண்டர்ஷூர் திட்டத்தில் ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, கன்னிங்ஹாம் ரோடு போன்ற இடங்களில் குழாய்களையும் கம்பிகளையும் நிலத்தடியில் ஒழுங்காகப் பதித்து, மேலே அகலமான நடைபாதை போட்டார்கள். அங்கே நடந்துபார்த்துவிட்டு நம் தெருவுக்கு வந்தால் எரிச்சல்தான் வரும். பெரிய சாலைகளுக்குச் செலவழித்த அக்கறை க்ராஸ் ரோடுகளுக்கு வரவில்லை.

சட்டப் பலமும் இப்போது கூடியிருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து 2012ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். சாலைப் பாதுகாப்புக்கு உச்ச நீதிமன்றமே ஒரு குழு அமைத்தது அந்த வழக்கில்தான். அதே வழக்கில் 2025 மே மாதம், நடப்பவர்களுக்கு நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத் திறனாளிகள் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பு இருக்கக் கூடாது என்றும் சொன்னது. 2022ல் மட்டும் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துபோனவர்கள், 4,836 பேர் சைக்கிளில் போனவர்கள் என்பது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு.

சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டுமா?

சைக்கிள் என்றதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான உடையுமாக நந்தி மலைக்குப் போகிறவர்கள் நினைவுக்கு வரலாம். நம் தெருவில் தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் வேறு. கீரை விற்பவர், வாட்ச்மேன், டியூஷனுக்குப் போகும் ஏழாம் வகுப்புப் பெண். யாருக்கும் அவர்களுடைய அபிப்பிராயம் கேட்கத் தோன்றுவதில்லை.

குடியிருப்புத் தெருவில் சைக்கிளுக்குத் தனிப் பாதை பெரும்பாலும் தேவையில்லை, இடமும் இல்லை. சாதாரணமாக மிதிப்பவரின் வேகம் 12, 15 கிலோமீட்டர். பக்கத்தில் போகும் வண்டி 25, 30ல் போனால் இருவரும் ஒரே தெருவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வண்டி 50ல் போனால் முடியாது. வேகமும் வண்டிகளின் எண்ணிக்கையும் கூடுதலாக இருக்கும் பெரிய சாலைகளுக்குத்தான் தனிப் பாதை, அதுவும் வண்டி ஏறிவர முடியாத தடுப்போடு. 2020ல் வெளிவட்டச் சாலையில் பிளாஸ்டிக் தூண்கள் நட்டு சைக்கிள் பாதை அமைத்தார்கள். பைக்குகள் உள்ளே வந்தன, தூண்கள் உடைந்தன, பாதை நிலைக்கவில்லை. பெயின்டும் பிளாஸ்டிக்கும் பெங்களூர் நெரிசலைத் தடுக்காது.

தெரு மாறும்வரை சைக்கிள்காரர் தன்னளவில் கவனிக்க வேண்டியது சில உண்டு. நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஓரத்திலேயே ஒட்டிப் போனால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. கதவும், சாக்கடை மூடியின் கம்பி இடுக்கும், திடீரென்று இடப்பக்கம் திரும்பும் வண்டியும் அங்கேதான் இருக்கின்றன. பஸ்ஸின் இடது பின்பக்கத்தில் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கட்டாயம்.

வெளியூர் வண்டிகள்

இதுவரை சொன்னது வேகம். இன்னொன்று எண்ணிக்கை. மெயின் ரோடு அடைத்துக்கொண்டால் கைப்பேசி வரைபடம் வண்டிகளை க்ராஸ் ரோடுகளுக்குள் திருப்பிவிடுகிறது. தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத, அவசரத்தில் இருக்கும் ஆட்கள். இவர்களைத் தடுக்க ஒரு வழி, தெருவின் ஒரு முனையில் பூந்தொட்டியோ தூணோ வைத்து, நடப்பவரும் சைக்கிளும் மட்டும் தாண்டும்படி அடைப்பது. வீட்டுக்காரர்கள் இன்னொரு முனையிலிருந்து வந்துபோகலாம், குறுக்கு வழியாக மட்டும் தெரு பயன்படாது. இதைச் சொன்னால் முதலில் எல்லோரும் எதிர்ப்பார்கள், கடைக்காரர்கள் இன்னும் அதிகமாக.

நெதர்லாந்திலும் எதிர்த்தார்கள். இன்று சைக்கிள் நாடு என்று பேர் வாங்கியிருக்கும் அங்கே 1971ல் ஒரே ஆண்டில் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலைகளில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்குச் சற்று முன்பே டெல்ஃப்ட் என்ற ஊரில் மரமும் தொட்டியும் வளைவுமாகத் தெருவை மாற்றி, வண்டி நடை வேகத்தில் மட்டுமே போகும்படி செய்துபார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1976ல் அந்த வகைத் தெருவுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. அவர்களும் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் இல்லை, தெருவை மாற்றிக்கொண்டவர்கள்.

நம் தெருவில் என்ன செய்யலாம்

முதலில் அளந்துபாருங்கள், பழகிக்கொள்ள ஒரு மதிய நேரம் போதும். தெருவில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒருவர் முதல் கோட்டில் நின்று வண்டி தாண்டும்போது கையை இறக்க, இன்னொருவர் இரண்டாவது கோட்டில் நின்று கைப்பேசியில் நேரம் பார்க்க வேண்டும். 6 விநாடி என்றால் 30 கிலோமீட்டர். நாலரை விநாடி என்றால் 40. 3.6 விநாடி என்றால் 50. மதியம் பழகிக்கொண்டு, பிறகு அதிகாலையிலும் ஒருமுறை இரவு பத்தரைக்கும் எடுத்தால்தான் உண்மை தெரியும். ‘வண்டிகள் வேகமாகப் போகின்றன’ என்ற புகாரை விட, ‘காலை ஆறு மணிக்கு நாங்கள் அளந்த வண்டிகளில் பாதிக்கு மேல் 40ஐத் தாண்டின’ என்ற புகார் மேசையில் கொஞ்சம் நேரம் தங்கும்.

அப்புறம், வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒரு வயதானவரோடு நடந்து, அவர் எங்கெல்லாம் சாலையில் இறங்குகிறார் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பழகிப்போனதால் கண்ணில் படாதவை அவர் காலில் படும்.

மனுவில் பொதுவாக ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதாமல் எது, எங்கே, எந்த அளவில் என்று எழுத வேண்டும். இந்த வீட்டு எண்ணுக்கு எதிரே பள்ளி வாசலில் உயர்த்தப்பட்ட கடப்பு. இந்த மூலையில் 10 மீட்டருக்கு வண்டி நிறுத்தத் தடை. இருக்கும் ஹம்பை எடுத்துவிட்டு 99ஆம் எண் தரநிலைப்படி புது ஹம்ப், பெயின்டோடு. மனுவில் ஒரு வரி சேர்க்கலாம்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்புத் தரநிலையைப் பின்பற்றாததால் சாவோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகை பெரிதில்லை, ஆனால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மனுவின் ஒரு பிரதி போக்குவரத்துப் போலீஸ் நிலையத்துக்கு, இன்னொன்று மாநகராட்சி வார்டு பொறியாளருக்கு. பழைய மாநகராட்சியான பிபிஎம்பி போய், 2025 செப்டம்பரிலிருந்து கிரேட்டர் பெங்களூரு அதாரிட்டியின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டதால் உங்கள் தெரு எதில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் எழுதுங்கள். முதல் கையெழுத்து பக்கத்து வீட்டு கௌடருடையதாகவோ எதிர்வீட்டு ஆன்ட்டியுடையதாகவோ இருக்கட்டும். ‘இது தமிழர்கள் சங்கத்துப் புகார்’ என்று யாரும் ஒதுக்கிவைக்க இடம் தர வேண்டாம். முடிந்தால் போலீஸ் அனுமதியோடு இரண்டு வாரத்துக்குக் கூம்புகளும் பூந்தொட்டிகளும் வைத்து மூலையைக் குறுக்கிக் காட்டுங்கள். எதிர்த்தவர்களில் சிலர் அப்போதே மாறுவார்கள், மாறாதவர்கள் எங்கே தொட்டியை நகர்த்த வேண்டும் என்றாவது சொல்வார்கள்.

இதையெல்லாம் தெருவுக்குத் தார் போடும் முன்பே கொடுத்துவிடுங்கள். மழை ஓய்ந்ததும் தார் வேலை தொடங்கும். போட்ட பிறகு ஒரு ஹம்பை மாற்றச் சொன்னால் அடுத்த முறை பார்க்கலாம் என்பார்கள். கூடவே, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் போடச் சொல்லுங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் சாலை உயர்ந்து ஓரக்கல் மூழ்கிவிடும், கார்கள் நேராக நடைபாதையில் ஏறி நிற்கும், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.